அம்மாவுக்கு எச்.பி. 7.8: மாத்திரை மட்டும் போதுமா, வேறு ஏதும் பார்க்கணுமா?

கொழுந்துக்கூடை (மூணாறு)

வணக்கம். அம்மாவுக்கு வயது 46, எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிற வேலை. சில மாதமாகவே சரிவில் ஏறும்போது நாலு எட்டு வைத்தால் நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் அடுத்த எட்டு. வயசாகுதுல்ல என்று அவரே சமாதானம் சொல்லிக்கொள்வார். போன வாரம் எஸ்டேட்டுக்கு வந்த கேம்ப்பில் விரலில் குத்திப் பார்த்து எச்.பி. (ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு) எட்டுதான் என்றார்கள். டவுன் லேபில் மறுபடி பார்த்தோம், 7.8.

இன்னொன்று. முறத்தில் அரிசி புடைக்கும்போது ஒரு கை அள்ளி வாயில் போட்டு மென்றுகொண்டே இருப்பார். முன்பும் கொஞ்சம் உண்டு. இப்போது ரொம்ப அதிகம். தம்பி ரேஷன் பச்சரிசியை ஒளித்து வைக்கிற அளவுக்கு வந்துவிட்டது. இதற்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?

மருந்துக்கடையில் ஒருவர் ரத்தம் ஊறும் என்று 640 ரூபாய்க்கு டானிக் ஒன்றைக் கட்டிவிட்டார். பக்கத்து லயத்து (எஸ்டேட் வரிசை வீட்டு) அத்தை பீட்ரூட் சாறு கொடுக்கச் சொல்கிறார். கேம்ப்பில் சிவப்பு மாத்திரை கொடுத்தார்கள். எதைக் கொடுப்பது?

சித்தூர்க்காரி (கொழிஞ்சாம்பாறை)

பயப்படாதே கண்ணு. கறிக்கடையில் சொல்லிவைத்து ஆட்டுச் சுவரொட்டி (மண்ணீரல்) வாங்கி, மிளகு சீரகம் தட்டிப் போட்டு வதக்கிக் கொடு. எங்கள் வீட்டில் பிரசவம் ஆனவர்களுக்கெல்லாம் அதுதான். முருங்கைக்கீரை வாரம் மூணு தரம். பேரீச்சம்பழம் தேனில் ஊறப்போட்டு ராத்திரி ரெண்டு. ஒரு மாதத்தில் முகம் தெளிந்துவிடும்.

பழைய லேப்காரர் (கம்பம்)

சுவரொட்டியை நான் குறை சொல்ல மாட்டேன், அதற்கு அப்புறம் வருகிறேன். ஆனால் 7.8-க்கு அது மட்டும் போதாது.

முதலில் ஒன்று. எச்.பி. குறைவு என்பது நோயின் பெயர் இல்லை, உள்ளே ஏதோ நடக்கிறது என்பதற்கு அடையாளம். லேபில் வேலை பார்த்த காலத்தில் ஒரே நாளில் 8 என்று நாலு ரிப்போர்ட் எழுதுவேன். நாலும் நாலு காரணம். சாப்பாட்டில் இரும்பு போதவில்லை, எங்கேயோ ரத்தம் கசிகிறது, கிட்னி பழுது, பிறவியிலேயே ரத்த அணு வேறு மாதிரி. நாலு பேருக்கும் அதே டானிக்கைத்தான் கடைக்காரர் கட்டுவார்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்களுக்கு 13 கிராமுக்குக் கீழே, கர்ப்பம் இல்லாத பெண்களுக்கு 12-க்குக் கீழே, கர்ப்பிணிக்குச் சுமார் 11-க்குக் கீழே போனால் ரத்தசோகை. பெண்களுக்கு 8-க்குக் கீழே என்றால் கடுமையானது. அம்மா அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கிறார். அதிலும் நீங்கள் மூணாறு. கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பவர்களுக்கு உடம்பே கூடுதலாக ரத்த அணு செய்துகொள்ளும், அதனால் அளவுகோலையும் கிட்டத்தட்ட ஒரு கிராம் ஏற்றிப் பார்க்கச் சொல்கிறார்கள். கம்பத்தில் 7.8 என்பதைவிட மூணாறில் 7.8 இன்னும் மோசம்.

பச்சரிசி கேட்டீர்களே, நூற்றுக்கு நூறு சம்பந்தம் உண்டு. இரும்புச்சத்து வற்றினவர்களுக்குப் பச்சரிசி, திருநீறு, சிலேட்டுக் குச்சி, மண், ஐஸ் என்று ஏதாவது ஒன்றின் மேல் அடங்காத ஆசை வரும். அரிசியை ஒளித்தால் போகாது, இரும்பு ஏறினால் தானாகப் போய்விடும். தம்பியிடம் சொல்லுங்கள்.

லேபில் சி.பி.சி. (முழு ரத்த அணுக் கணக்கு) எடுத்திருப்பார்கள். எம்.சி.வி., ஆர்.பி.சி., ஆர்.டி.டபிள்யூ. மூன்றையும் இங்கே போடுங்கள்.

கொழுந்துக்கூடை

எம்.சி.வி. 64, ஆர்.பி.சி. 3.9, ஆர்.டி.டபிள்யூ. 19 என்று இருக்கிறது ஐயா.

பழைய லேப்காரர்

எம்.சி.வி. என்பது ஒரு சிவப்பணுவின் பருமன். 80 முதல் 100 வரை இருக்கணும். 64 என்றால் அணு ரொம்பச் சிறுத்துவிட்டது. ஆர்.டி.டபிள்யூ. 19 என்றால் ஒன்று பெரிசு ஒன்று சிறிசு என்று ஏறுமாறாக இருக்கிறது. எம்.சி.வி.யை ஆர்.பி.சி.யால் (சிவப்பணு எண்ணிக்கை) வகுத்தால் 16 சொச்சம். 13-க்கு மேல் வந்தால் பெரும்பாலும் இரும்புக் குறைவு. கீழே வந்தால் தலசீமியா (பிறவியிலேயே வருகிற ரத்த அணுக் குறை) கூறு இருக்கலாம் என்று சந்தேகப்படணும். இது சந்தேகத்துக்கான கணக்குதான், முடிவு இல்லை. ஃபெரிட்டின் என்ற டெஸ்ட் ஒன்று எடுத்துவிடுங்கள், உடம்பின் இரும்புக் கையிருப்பு தெரியும்.

இப்போது முக்கியமான கேள்வி. இரும்பு எங்கே போனது? கூச்சப்படாமல் அம்மாவிடம் கேளுங்கள். மாதவிலக்கு எத்தனை நாள், கட்டி கட்டியாகப் போகிறதா? மூலம் உண்டா? மலம் தார் மாதிரி கறுப்பாகப் போகிறதா? முழங்கால் வலிக்கு மாத்திரை வாங்கித் தினமும் போடுகிறாரா? காட்டில் செருப்பில்லாமல் நடப்பாரா?

கடைசிக் கேள்வி கொக்கிப்புழுவுக்காக. ஈரமண்ணில் இருக்கிற குஞ்சுப்புழு கால் தோலைத் துளைத்து உள்ளே போய்க் குடலில் தொற்றிக்கொண்டு ரத்தம் குடிக்கும். அதில் ஒரு வகைக்கு ஒரு புழுவே ஒரு நாளைக்கு 0.2 மில்லி வரை எடுக்கும். நூறு புழு இருந்தால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

நான் டாக்டர் இல்லை. ரிப்போர்ட் படிக்கத் தெரிந்தவன், அவ்வளவுதான். கேம்ப்பில் கொடுத்த இரும்பு மாத்திரையை இன்றே தொடங்கலாம், ஆனால் டாக்டரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பாரதப்புழை (பாலக்காடு)

லேப் அண்ணன் சொன்ன அந்த 13 கணக்கில் மாட்டினவன் நான். கல்லூரி நாளிலிருந்து எச்.பி. பத்தரையைத் தாண்டாது. எங்கே போனாலும் இரும்பு மாத்திரைதான் எழுதுவார்கள். வருஷக்கணக்கில் விழுங்கினேன், வயிறு கெட்டதுதான் மிச்சம். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு டாக்டரம்மா பழைய ரிப்போர்ட்டை எல்லாம் மேசையில் பரப்பிப் பார்த்தார். எச்.பி. 10.6, எம்.சி.வி. 63, ஆனால் ஆர்.பி.சி. 5.6. அணு சின்னது, எண்ணிக்கை அதிகம். உடனே ஹீமோகுளோபினை வகை வகையாகப் பிரித்துப் பார்க்கிற எச்.பி.எல்.சி. டெஸ்டுக்கு எழுதினார். அதில் எச்.பி. ஏ2 என்ற வகை 5.2 சதவீதம் வந்தது, மூன்றரைக்கு மேல் இருக்கக் கூடாதாம். பீட்டா தலசீமியா கூறு. நோயாளி இல்லை, சுமப்பவன். எனக்கு இரும்பு குறையவே இல்லை!

எனக்கு மருந்து எதுவும் வேண்டாம். ஆனால் கட்டிக்கொள்கிற பெண்ணும் இதே கூறு உள்ளவராக இருந்தால் பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் நாலில் ஒரு பங்கு பெரிய தலசீமியா வர வாய்ப்பு. அதனால் அவரையும் பார்க்கச் சொன்னார்கள். அவருக்கு இல்லை. ஜாதகத்தில் பத்துப் பொருத்தம் பார்த்த எங்கள் பெரியப்பா இந்த டெஸ்டுக்கு மட்டும் ஒரு வாரம் முறைத்துக்கொண்டு திரிந்தார்.

அகளி நர்ஸ் (அட்டப்பாடி)

பாரதப்புழை எழுதியதோடு எங்கள் பக்கத்து விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அட்டப்பாடியில் இருளர், முடுகர், குறும்பர் ஊர்களில் எச்.பி. குறைவு என்றால் நாங்கள் அரிவாளணுவையும் (பிறவியிலேயே சிவப்பணு அரிவாள் போல வளைகிற நோய்) சேர்த்தே பார்ப்போம். பக்கத்து நீலகிரியில் இது இருப்பதை 1952-இலேயே கண்டுபிடித்து எழுதிவிட்டார்கள். வயநாட்டிலும் உண்டு. நாடு முழுக்கப் பழங்குடிப் பகுதிகளில் பரிசோதிக்க 2023 ஜூலையில் மத்திய அரசு தனித் திட்டமே தொடங்கியது.

அரிவாளணு நோய் உள்ள குழந்தைக்கு மற்றவர்களுக்குப் போல அணு 120 நாள் வாழாது, சீக்கிரமே உடைந்துவிடும். உடைந்த அணுவின் இரும்பு உடம்பிலேயே தங்கும். ரத்தம் ஏற்றினால் இன்னும் சேரும். பரிசோதிக்காமல் இரும்பை அள்ளிக் கொடுக்கக் கூடாது. அவர்களுக்கு ஃபோலிக் அமிலம், தேவைப்பட்டால் ஹைட்ராக்சியூரியா, நிறையத் தண்ணீர், காய்ச்சல் வந்தால் உடனே ஆஸ்பத்திரி. அதே ஊரில் வெறும் இரும்புக் குறைவு உள்ள பெண்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள், ரெண்டும் சேர்ந்தவர்களும் உண்டு. முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது.

கேரளாவில் இதெல்லாம் குறைவு என்று பேசுகிறார்கள். 2019–21 குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் ரத்தசோகை கேரளாவில் 36.3 சதவீதம், தமிழ்நாட்டில் 53.4, ஆந்திராவில் 58.8. குறைவுதான், ஆனாலும் மூன்றில் ஒருவருக்கு மேல். அதனால்தானே 2023-இல் விவா கேரளம் என்று தனி இயக்கமே தொடங்கினார்கள். கொழுந்துக்கூடை, உங்கள் பக்கத்து ஆஷா சேச்சியிடம் கேளுங்கள், மாத்திரை சும்மா கிடைக்கும். 640 ரூபாய் எதற்கு?

கட்டன்சாயா (வண்டிப்பெரியாறு)

எல்லோரும் இன்னும் கொஞ்ச நேரத்தில் சாயாவில் வந்து நிற்பீர்கள் என்று தெரியும். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நாங்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டன் குடித்து வளர்ந்தவர்கள். காலையில் கட்டன், பத்து மணிக்குக் காட்டில் கட்டன், சோற்றோடு கட்டன். எங்கள் பாட்டி 80 வயது வரை மலை ஏறினார்.

பழைய லேப்காரர்

பாட்டியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை தம்பி. சாயாவை நிறுத்தச் சொல்லவும் இல்லை. ஆனால் சோற்றோடு குடிக்கிற அந்தக் கட்டன் இருக்கிறதே, அதுதான் சிக்கல். தேயிலையில் இருக்கிற துவர்ப்பு கீரை, பருப்பிலிருந்து வருகிற இரும்பைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும். உள்ளே போவது பாதிக்கு மேல் குறைந்துவிடும். பால் சேர்த்தாலும் இதே கதைதான். சாப்பிட்டு ஒரு மணி நேரம், முடிந்தால் ரெண்டு மணி நேரம் கழித்துக் குடித்தால் இவ்வளவு கெடுதல் இல்லை. எஸ்டேட்டில் தூக்குச்சட்டியும் பிளாஸ்கும் ஒரே நேரத்தில் திறக்கிற பழக்கத்தை மாற்றுவது கஷ்டம் என்று எனக்கும் தெரியும்.

கட்டன்சாயா

சரி, ஒரு மணி நேரம் தள்ளிப் போடுகிறேன். பாட்டி மன்னிப்பார்.

சித்தூர்க்காரி

அப்போ பீட்ரூட், மாதுளை எல்லாம் வீணா? வாரா வாரம் மாதுளைக்கு எவ்வளவு கொடுக்கிறேன் தெரியுமா?

பழைய லேப்காரர்

நிறத்தைப் பார்த்து ஏமாந்துவிட்டோம் அக்கா. பீட்ரூட்டில் 100 கிராமுக்கு ஒரு மில்லிகிராம் கூட இரும்பு தேறாது. மாதுளையில் அதைவிடக் குறைவு. ருசிக்குச் சாப்பிடுங்கள், தப்பில்லை. ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் வேண்டும் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் வைத்திருக்கிறது. மாதுளையை வைத்து அதை எட்ட முடியாது.

உங்கள் சுவரொட்டிக்கு இப்போது வருகிறேன். அது, ஈரல், ரத்தப் பொரியல் இவற்றில் இருக்கிற இரும்பு உடம்பில் சுலபமாகச் சேரும். கீரை, தானியத்தில் இருப்பது அவ்வளவு சுலபமாகச் சேராது, எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூட இருந்தால்தான் கொஞ்சம் நகரும். ராத்திரி புளிக்க வைத்த கம்பங்கூழ் நல்லது, புளிக்கும்போது இரும்பைப் பிடித்துவைக்கிற சத்து உடைந்துவிடும். இரும்புச் சட்டியில் புளிக்குழம்பு வைத்தால் சட்டியின் இரும்பே குழம்பில் இறங்கும். நான்ஸ்டிக் வந்ததும் அதைக் காயலான் கடையில் போட்டுவிட்டோம். (கர்ப்பிணிகள் ஈரலை அடிக்கடி சாப்பிட வேண்டாம், அதில் வைட்டமின் ஏ மிக அதிகம்.)

ஆனால் திரும்பச் சொல்கிறேன், சாப்பாடு என்பது குறையாமல் காப்பாற்ற. 7.8-இலிருந்து ஏற மாத்திரையோ ஊசியோ வேண்டும்.

அகளி நர்ஸ்

மாத்திரை பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் ஊருக்குள் போனால் பாதி வீட்டுக் கூரையில் அட்டை அப்படியே செருகியிருக்கும். கேட்டால் குமட்டுது சிஸ்டர், மலம் கறுப்பாப் போகுது சிஸ்டர் என்பார்கள். இரும்பு மாத்திரை போடும்போது கறுப்பாகப் போவது இயல்பு, பயப்பட ஒன்றுமில்லை. குமட்டலுக்கு ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் படுக்கும்போது போடுங்கள். வெறும் வயிற்றில் நன்றாகச் சேரும்தான், ஆனால் வாந்தி எடுத்துத் தூக்கிப்போடுவதைவிடச் சாப்பிட்டுப் போடுவது மேல்.

பால், சாயா, கால்சியம் மாத்திரை, அசிடிட்டி மருந்து எதோடும் சேர்த்துப் போடக் கூடாது. எலுமிச்சைத் தண்ணீர் நல்லது. ஒரு வேளை இரும்பு போனதும் குடல் ஒரு நாள் போலக் கதவைச் சாத்திக்கொள்ளும், அதனால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கொடுக்கிற டாக்டர்களும் இப்போது உண்டு. தினமும் ஒத்துக்கொள்ளாதவர்கள் கேட்டுப் பார்க்கலாம். கர்ப்பிணிகள் மட்டும் தாங்களாக மாற்றக் கூடாது, அவர்களுக்கு 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ள மாத்திரை குறைந்தது 180 நாள், தினமும்.

முக்கியமாக, அட்டையைக் குழந்தை கைக்கு எட்டாமல் வையுங்கள். சிவப்பாக, பளபளவென்று மிட்டாய் மாதிரி இருக்கும். சின்னப் பிள்ளை பத்துப் பதினைந்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

போடிமெட்டுப் பாண்டி (போடி)

நான் டாக்ஸி ஓட்டுகிறவன், இவ்வளவு தெரியாது. எனக்கு ரெண்டு கேள்வி. ஒன்று, 7.8-க்கு ஒரு பாட்டில் ரத்தம் ஏற்றிவிட்டால் வேலை முடிந்ததே, ஏன் மாசக்கணக்கில் மாத்திரை? ரெண்டு, எங்கள் அப்பாவுக்கு 63 வயது, எச்.பி. 9. சோர்வாகவே இருக்கிறார். சத்து மாத்திரை கொடுத்தால் ஆகுமா?

பழைய லேப்காரர்

ஒரு யூனிட் ரத்தம் ஏறினால் எச்.பி. சுமார் ஒரு கிராம்தான் கூடும். ஒவ்வாமை, தொற்று என்று அதற்கே உரிய ஆபத்தும் உண்டு. நிதானமாகக் குறைந்தவர்களுக்கு 7-க்குக் கீழே போனாலோ, நெஞ்சுவலி, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைப்பு, தலைசுற்றி விழுவது என்று இருந்தாலோ ஏற்றுவார்கள். காரணத்தைச் சரிசெய்யாமல் ஏற்றினால், பாண்டி, டேங்கில் ஓட்டையை வைத்துக்கொண்டு டீசல் போடுகிற கதைதான்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் எனக்குக் கவலை. 63 வயது ஆணுக்கு மாதவிலக்கு கிடையாது, பிரசவம் கிடையாது. அவருக்கு இரும்பு குறைந்தால், வேறு காரணம் தெரிகிற வரை, குடலில் எங்கேயோ கசிகிறது என்று எடுத்துக்கொள்ளணும். வயிற்றுப் புண்ணாக இருக்கலாம், மூலமாக இருக்கலாம், குடல் புற்றாகவும் இருக்கலாம். சத்து மாத்திரை கொடுத்து எச்.பி. ஏறிவிட்டால் மூல காரணம் மறைந்து நின்று வளரும். சி.பி.சி., ஃபெரிட்டின், கிட்னிக்கு கிரியாட்டினின் எடுங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் போடுகிறாரா? அது பி12-ஐயும் குறைக்கும். அப்போது அணு சிறுக்காது, பருக்கும். கால் மரத்துப்போகும்.

போடிமெட்டுப் பாண்டி

சர்க்கரை இல்லை. முழங்கால் வலிக்குக் கடையில் மாத்திரை வாங்கி ரொம்ப நாளாகப் போடுகிறார். நாளைக்கே க.விலக்கு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன்.

கொழுந்துக்கூடை

நடந்ததைச் சொல்கிறேன். ஃபெரிட்டின் 5. லேப் ஐயா கேட்கச் சொன்னதைக் கேட்டேன். முதலில் அம்மா சிரித்து மழுப்பினார். அப்புறம்தான் சொன்னார், ஒன்பது நாள் வரை போகிறதாம், கட்டி கட்டியாக. காட்டில் மாற்ற இடம் இல்லாததால் மூணு துணி சேர்த்து வைத்துக்கொண்டுதான் வேலைக்குப் போவாராம். ரெண்டு வருஷமாக இப்படி. இந்த வயசில் எல்லாருக்கும் இப்படித்தான் என்று நினைத்திருக்கிறார்.

பெண் டாக்டரிடம் போனோம். ஸ்கேனில் கர்ப்பப்பையில் ஒரு கட்டி, சாதாரணக் கட்டி மாதிரிதான் தெரிகிறது என்றார். 45 தாண்டினவர் என்பதால் கர்ப்பப்பை உள்சுவரிலிருந்து சதைத் துணுக்கு எடுத்து அனுப்பினார்கள், ரிப்போர்ட் நல்லபடியாக வந்துவிட்டது. அந்த நாட்களில் போக்கைக் குறைக்க ட்ரானெக்ஸாமிக் அமிலம் மாத்திரை. பூச்சி மாத்திரை ஒன்று. இரும்பை ஊசி வழியாக ஏற்றலாம் என்கிறார். சின்னச் சின்ன அளவாக ஆறேழு தடவை வரணும், இல்லை வேறு மருந்தில் 1,000 மில்லிகிராம் ஒரே தடவையில் ஏற்றலாம், விலை கூட. எதைச் செய்வது?

அகளி நர்ஸ்

ஆறேழு தடவை மலை இறங்கி ஏறுகிற பஸ் கூலி, ஒவ்வொரு நாளும் போகிற சம்பளம் இரண்டையும் கூட்டிப் பாருங்கள். பல நேரம் விலை கூடினதுதான் மலிவு. ரெண்டுமே ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் ஏற்றணும், ஏற்றி முடித்து அரை மணி நேரம் உட்கார வைப்பார்கள். அரிப்போ மூச்சுத் திணறலோ வந்தால் உடனே சொல்லணும்.

அம்மாவைத் திட்டாதீர்கள். 2015-இல் பொம்பிளை ஒருமை என்று மூணாறு ரோட்டில் உட்கார்ந்து போனஸ் வாங்கின பெண்கள் அவர்கள். கம்பெனியை எதிர்த்துப் பேசுவார்கள், இதை மட்டும் மகளிடம்கூடச் சொல்ல மாட்டார்கள். லயத்தில் இன்னும் எத்தனை பேரோ, உங்கள் அத்தையிடமும் கேட்டுப் பாருங்கள்.

சித்தூர்க்காரி

ஒன்பது நாளா! எங்கள் நாத்தனாரும் இதே மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறாள். நாளைக்கே கூட்டிப் போகிறேன். சுவரொட்டியும் செய்து கொடுப்பேன், அதை விட மாட்டேன்.

கொழுந்துக்கூடை

ஊசி போட்டு ஒரு மாதம் ஆகிறது. எச்.பி. 10.4. அரிசிப் பக்கம் போவதே இல்லை, தம்பிக்கு நம்பவே முடியவில்லை. கட்டிக்கு என்ன செய்வது என்று ரத்தம் ஏறினபின் முடிவு செய்யலாம் என்றார் டாக்டர். இனி மாத்திரை எதுவரை?

அகளி நர்ஸ்

எச்.பி. சரியான அளவுக்கு வந்ததும் நிறுத்திவிடுவதுதான் எல்லோரும் செய்வது. அப்போது ரத்தம்தான் நிறைந்திருக்கும், கையிருப்பு நிறைந்திருக்காது. மாத்திரை மட்டும் எடுப்பவர்கள் அதற்கு மேல் மூன்று மாதம் தொடரணும். அம்மாவுக்கு ஊசி போட்டிருப்பதால் கூடவே மாத்திரை வேண்டுமா என்பதை டாக்டர்தான் சொல்லணும், ஃபெரிட்டின் பார்த்து. மறுபடி எடுக்கும்போது அதே லேபில் எடுங்கள். விரல் குத்து மெஷினையும் லேப் மெஷினையும் ஒப்பிட்டால் குழப்பம்தான்.

போடிமெட்டுப் பாண்டி

அப்பாவுக்கு வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். வயிற்றில் புண், வலி மாத்திரையால் என்கிறார்கள். வலி மாத்திரையை நிறுத்தியாச்சு, புண்ணுக்கு மருந்து, கூடவே இரும்பு மாத்திரை. ஆனாலும் வயதைப் பார்த்துப் பெருங்குடலையும் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள். முந்தின நாள் பேதி மருந்து குடிக்கணுமாம். அன்றைக்கும் இரும்பு மாத்திரை போடலாமா அண்ணா?

பழைய லேப்காரர்

கூடாது. அந்த டெஸ்டுக்கு ஒரு வாரம் முன்னாலேயே இரும்பு மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள். கறுப்பாகக் குடலில் ஒட்டிக்கொண்டு கேமராவில் ஒன்றும் தெரியாது. சீட்டில் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள், இல்லாவிட்டால் போன் செய்து கேட்டுவிடுங்கள். புண்ணுக்கான மருந்தை நிறுத்த வேண்டாம்.